நீலக் கட்டம் போட்ட சட்டை

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லியிலிருந்து மகாபலிபுரத்துக்கு ஒருநாள் டூர் பஸ் விட்டார்கள். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் நாங்கள் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்தேன். "நீ போய்ட்டு வா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பக்கத்து சீட் சென்னீர்குப்பத்து அக்கா, "உன் ஊட்டுக்காரர் வர்லியாம்மா?" என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. "பின்னாடி கீறாரு" என்றேன்.

முட்டுக்காட்டுப் படகு, ஐந்து ரதம் எல்லாவற்றையும் கூட்டத்தின் கடைசியில் நின்று தனியாகவே பார்த்தேன். சாயங்காலம் கடற்கரைக் கோயிலிலிருந்து கிளம்பும்போது அக்கா பின்பக்கம் திரும்பி, "இதுல யாரும்மா உன் ஆளு?" என்றார். "இதுல இல்லக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஐயோ, நிறுத்துப்பா. இவ ஊட்டுக்காரர் ஏறல" என்று அக்கா கத்தினார்.

"இன்னா சட்டைம்மா?" என்று கேட்டார் டிரைவர்.

நீலக் கட்டம் என்று சொல்லித் தொலைத்தேன்.

பத்துப் பேர் இறங்கிக் கடற்கரைக்கு ஓடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் இடுப்பளவு அலைக்குள் போய்விட்டார். அதைப் பார்த்ததும் கரைக்கு ஓடி, "அவர் வரவே இல்ல" என்று அழுதேன்.

யாரும் திட்டவில்லை. ஈரம் சொட்ட பஸ் ஏறிய பெரியவர், "கடல்ல யாரும் போவல இல்ல, அது போதும்மா" என்றார்.

வீட்டில் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. "சோறு கீதா?" என்றார் அவர்.

முன்பின் தெரியாதவர்கள் அவரைக் கடலுக்குள் இறங்கித் தேடியதை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை.