நாகையாவின் மடக்குக்கத்தி

கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் மாட்டுவண்டி ஓட்டிய நாகையா யாருக்கு எதைக் கொடுத்தாலும் கணக்குப் பார்க்க மாட்டார். மடக்குக்கத்தி மட்டும் விதிவிலக்கு. அது பக்கத்து ஊர் கிள்ளானில் வாங்கியது. மரப்பிடி, விரல் நீளத்துக்கு ஒரு அலகு. நனைந்தால் துருப்பிடிக்கும், புளிப்புப் பட்டால் கறுக்கும் பழைய ஜாதி எஃகு. கயிறு அறுக்க, மாட்டுக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க, மரவள்ளிக்கிழங்கு சீவ எல்லாவற்றுக்கும் அதுதான். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்துத் தேங்காயெண்ணெய் அருமையாகிப் போன பிறகும், தன் தலைக்கு உள்ள பங்கில் கத்திக்குத்தான் முதலில் தொட்டு வைப்பார். அவர் மனைவி லெட்சுமிக்கு அந்தக் காய்ந்த தலையைப் பார்க்கவே சகிக்கவில்லை.

இரவல் கேட்பவர்கள் ஒரு சொற்பொழிவைக் கேட்டாக வேண்டும். துடைக்கணும், காய வைக்கணும், எண்ணெய் தடவணும். அப்புறம் கத்தியைத் தரையில் வைப்பார். வாங்குபவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை நிச்சயம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டு வரிசையில் இருந்த ராதாகிருஷ்ணன் அரிவாளை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, ஆறு வருஷமாக அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருந்தார்.

ரெங்கசாமிக்கு மட்டும் சொற்பொழிவும் கிடையாது, கத்தியும் கிடையாது. அவன் நாகையாவின் வண்டியில் மூட்டை ஏற்றுபவன், பக்கத்து அறைக்காரன், கல்யாணமாகாதவன். ஒருமுறை கத்தியை வாங்கி மாங்காய் நறுக்கிவிட்டு, ஈரத்தோடு மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அன்றோடு சரி.

நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். வரிசைக்கு ஒருவன் என்றார்கள். மூன்றே மாத வேலை என்றார்கள். அதை யாரும் நம்பவில்லை. குடும்பம் இல்லாதவன் போகட்டும் என்று ஆள் பிடிக்க வந்தவன் சொன்னான். யாரும் ரெங்கசாமியைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. நாகையா மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். ரெங்கசாமியே, சரி, நான் போறேன் என்றான். நாகையாவுக்கு அந்த நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக அவர் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

மறுநாள் ஸ்டேஷனில் சரக்கு வேகனுக்குள் ஆட்களைத் திணித்தார்கள். நாகையா முட்டி மோதிக்கொண்டு கதவருகே போய்க் கத்தியை எடுத்தார். கீழே வைக்க இடம் தேடினார். வேகன் தரை முழுக்கக் கால்கள். வண்டி நகர்ந்தது. வேறு வழியில்லாமல் ரெங்கசாமியின் கையிலேயே திணித்தார்.

“கையில குடுத்துட்டீங்களேண்ணே, சண்டை வருமே,” என்றான் ரெங்கசாமி.

“வரட்டும். வந்து போடு,” என்றார் நாகையா. கூடவே ஓடிக்கொண்டே, “எண்ணெய் கெடைக்கலன்னா தலைமுடியில தேய். அந்தப் பிசுக்கே போதும்,” என்றார்.

மூன்று மாதம் போனது. ஒரு வருஷம் போனது. தப்பி வந்த ஒருவன் வாந்திபேதியைப் பற்றிச் சொன்னான்; ரெங்கசாமியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் உள்ளவர்கள் ரெங்கசாமியின் பேரைச் சொல்லும்போது ‘பாவம்’ என்று சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். நாகையா சேர்க்கவில்லை. கையில் கொடுத்த கத்திக்குச் சண்டை வந்தே தீரும், சண்டை போட ஆள் வேண்டும், ஆகவே ஆள் வருவான் என்று அவர் லெட்சுமியிடம் விளக்கினார். கத்தியின் பங்கு எண்ணெயை நாகையா வாரம் நாலு சொட்டாக ஒரு மருந்து பாட்டிலில் விட்டுவந்தார். அவர் தலை காய்ந்தபடியே இருந்தது.

ஜப்பான்காரன் போன பிறகு, நாற்பத்தைந்து கடைசியில், மழை நாளில் ஒருவன் வந்து வாசலில் நின்றான். எலும்பும் தோலும். தலையில் புண்ணும் நாலு மயிரும். குனிந்து, மடக்குக்கத்தியை நாகையாவின் காலடியில் வைத்தான்.

நாகையா அதை எடுத்துப் பார்த்தார். அலகு திறக்கவே இல்லை. அப்படியொரு துரு.

பிறகு அவர் போட்ட கூச்சல் ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும். என்ன சொல்லிக் குடுத்தேன், ஒரு பொருளை வச்சுக்கத் தெரியுமாடா என்று தொடங்கி மாங்காய் வரைக்கும் போனார். ரெங்கசாமியும் விடவில்லை.

“முடியில தேய்னு சொன்னீங்க. முடியே கொட்டிப் போச்சு. நான் எங்கண்ணே தேய்க்கிறது?”

வரிசையே கூடிவிட்டது. ராதாகிருஷ்ணன் நடுவில் புகுந்து விலக்கப் போனார். லெட்சுமி அவரைத் தடுத்தாள். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

“விலக்காதீங்கண்ணே. ரெண்டரை வருசமா காத்துக்கிட்டிருந்த சண்டை.”

உள்ளே போய் மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணெயில் பாதி கத்தியின் மூட்டுக்குப் போனது. மீதியை நாகையா ரெங்கசாமியின் தலையில் விட்டு, புண்ணில் விரல் படாமல் தடவினார். தடவும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.