இவண் வரிசையில் ஒரு பெயர்

கதைகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று கூட்டங்களில் தவறாமல் என்னை வினவுகிறார்கள். வாழ்விலிருந்து என்று விடையளித்து அமர்ந்துவிடுவேன். கைதட்டுவார்கள். ஒரே ஒரு கதை வந்த வழியையாவது மறைக்காமல் இங்கு எழுதிவைக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு கல்வி நின்றவன் நான். மதுரையில் ஓர் அச்சகத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்கு வாசகம் அமைப்பது நெடுங்காலம் என் பணி. மறைந்தவரின் படத்துக்குக் கீழே 'இவண்' என்று இட்டு, மகன்கள், மகள்கள், மருமக்கள் பெயர்களை வரிசைப்படுத்துவேன். எங்கள் பக்கத்தில் அவ்வரிசையில் நிற்பவரே உறவு.

ஒருநாள் காலை, டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் தந்தையின் படத்துடன் வந்தார். மகன்கள் இருவர், மகள் ஒருத்தி என்று எழுதித் தந்துவிட்டு, பந்தல் வேலையைக் கவனிக்க விரைந்தார். நண்பகலில் ஒரு பெண் வந்தாள். சாதி மாறி மணந்ததால் விலக்கப்பட்ட இளைய மகள். இழவு வீட்டு வாசலிலேயே அவளைத் தடுத்துத் திருப்பியிருந்தார்கள்.

"அண்ணே, மக வரிசையில எம் பேரையும் சேத்துருங்க. கடைசில, பொடி எழுத்துல போட்டாக்கூடப் போதும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி நீட்டினாள்.

காலையில் வந்த அவள் தமையனைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டேன்.

"அவ பேரு வந்துச்சு, அம்புட்டு போஸ்டரையும் ஒங்க கடை வாசல்லயே கிழிச்சுப் போட்டுருவேன்ணே" என்றார். அருகில் நின்ற அவளுக்கும் அது கேட்டது.

"சரிண்ணே, வாரேன்" என்று படியிறங்கிப் போனாள்.

அன்று மாலையே எழுதத் தொடங்கினேன். என் கதையில் வரும் அச்சகக்காரன் எவருக்கும் அஞ்சாது விலக்கப்பட்ட மகளின் பெயரை அச்சிடுகிறான். விடிந்ததும் ஊர்ச் சுவர்களிலெல்லாம் அது நிற்கிறது. கதை ஓர் இதழில் வெளிவந்தது. பாராட்டுக் கடிதங்களும் வந்தன.

சில மாதங்கள் கழித்து அவள் மீண்டும் வந்தாள். கே.கே. நகரில் அவள் வேலை செய்யும் கிளினிக்கில், காத்திருப்போருக்காகப் போட்டிருந்த இதழில் கதையைப் படித்திருக்கிறாள். அந்தப் பக்கங்களை மட்டும் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"எங்க வீட்டுக் கததானண்ணே இது?"

"ஆமாம்மா."

"படிக்கப் படிக்க அழுகையா வந்துச்சு. கடைசி வரைக்கும் தேடிப் பாத்தேன். இதுலயும் எம் பேரு இல்லையேண்ணே."

கதைகளில் மெய்ப்பெயரை இடும் மரபில்லை என்று விளக்க முற்பட்டேன்.

"இருக்கும்ணே. எங்கண்ணனும் ஒரு காரணம் சொல்லத்தான் செஞ்சாரு" என்றாள். குரலில் சினமே இல்லை.

பிறகு, "அந்தச் சீட்டு கெடந்தாக் குடுங்க" என்றாள். மேசை இழுப்பறையில்தான் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். தன் பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கதைப் பக்கங்களை என் மேசைமீதே விட்டுச் சென்றாள்.