ஓடுபாதை ஓரத்துக் குஷன் கடை

சின்னக் கத்தியின் முனை நூலுக்கு அடியில் புகுந்து மேலே வந்தது. ஒரு தையல் விட்டது. கத்தி அடுத்த தையலுக்குப் போனது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழு உறையும் ஒரே மூச்சில் கிழிந்து வந்துவிடும், நேரமும் மிச்சம். அந்தக் கைகள் அப்படிச் செய்யவில்லை. பழைய உறைதான் புது உறைக்கு அளவு. இழுத்துக் கிழித்த துண்டு நீண்டுபோய்ப் பொய் அளவு காட்டும். அதனால் ஒவ்வொரு தையலாக வெட்டி, துண்டுகளைப் பிரித்து, எது மேல் எது பக்கம் என்று சாக்கட்டியால் அம்பு போட்டு, மேசையில் பரப்பி வைத்தன. வலப்பக்கத் துண்டு மட்டும் காகிதமாகத் தேய்ந்திருந்தது. இந்த இருக்கையில் உட்காருகிறவன் நாள் முழுக்க வலப்பக்கம் சாய்ந்து கீழே பார்க்கிறவன். ஒரு கை அந்தப் பக்கத்துப் பஞ்சை அமுக்கிப் பார்த்தது. செத்த பஞ்சு. விரல் எடுத்த பிறகும் பள்ளம் நிறையவில்லை.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி வெர்லா ஷ்ராக். எங்கள் வெண்டல் க்ரீக் நகராட்சி விமான நிலையத்தில், தெற்கு வரிசையின் கடைசிக் கொட்டகையில், விமான இருக்கைகளுக்குக் குஷன் தைக்கிறவள். வயது அறுபது. கன்சாஸ் காற்று கொட்டகையின் தகரத்தை அடித்துக்கொண்டே இருக்கும் இடம் அது. அங்கே பேசுகிறவர்கள் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் பெரிசாகிவிடும். வெர்லாவுக்கு மட்டும் ஆகவில்லை. அவள் பேசினால் நாம்தான் பக்கத்தில் போக வேண்டும்.

கொட்டகையைக் கட்டியவன் அவள் புருஷன் மைலோ. இரும்புச் சட்டம் வளைத்தது, தகரம் அடித்தது, பெரிய கதவுக்குத் தண்டவாளம் போட்டது எல்லாம் அவனும் வெர்லாவின் அண்ணன்மாரும். நிலம் நகராட்சியுடையது, முப்பது வருஷக் குத்தகை. குத்தகை முடிந்ததும் நிலமும் அதன்மேல் நிற்பதும் நகராட்சிக்குப் போய்விடும். இது ஏமாற்று இல்லை. எல்லா ஊர் விமான நிலையத்திலும் உள்ள வழக்கம்தான். அந்த வரிசையில் கட்டிய அத்தனை பேரும் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்கள். முப்பது வயதுக்காரனுக்கு முப்பது வருஷம் என்பது இன்னொருத்தனுடைய காலம். மைலோ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, அதுவரை நாம் இருப்போமா என்ன என்று கேட்டானாம். இருந்தார்கள். அவனுக்கு இதயம் பழுதாகி வேலை நின்றது, வெர்லாவின் தையல் மிஷின்தான் ஓடியது, குத்தகையும் முடிவுக்கு வந்தது.

நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. தெற்கு வரிசை நிலத்தைப் புதிதாகக் குத்தகைக்கு விடுகிறோம், விமானத் தொழில் செய்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம், பழையவர்களும் புதியவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும். விச்சிட்டாவிலிருந்து ஒரு கம்பெனி விண்ணப்பித்தது. ஜெட் விமானங்களுக்குச் சாயம் பூசிப் பழுது பார்க்கிறவர்கள். கொடுத்தால் வரிசை முழுதும் வேண்டும், பாதி என்றால் வேண்டாம் என்றார்கள். மற்ற கொட்டகைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டார்கள். வெர்லாவுக்கு விலகிப் போக வேறு இடம் இல்லை. அவளும் விண்ணப்பித்தாள்.

சிக்கல் அவளுடைய வேலையிலேயே இருந்தது. ஓடுபாதை வாஷிங்டன் அரசாங்கத்தின் பணத்தில் போட்டது. அதனால் அதன் ஓரத்து நிலத்தில் பறக்கிற தொழில் தவிர வேறு எதுவும் நடக்கக் கூடாது என்று சட்டம். வெர்லா தைத்துக் கொடுத்த விமான இருக்கையோ பதினைந்து வருஷம் உழைக்கும். எங்கள் ஊரில் விமானங்களும் அத்தனை இல்லை. நடுவில் சாப்பிட வேண்டாமா? டிராக்டர் இருக்கை வந்தது, மீன்பிடிப் படகின் இருக்கை வந்தது, பல் டாக்டரின் நாற்காலி வந்தது, தேவாலயத்து பெஞ்சுகளின் மெத்தையும் வந்தது. ஊருக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை.

இப்போது கேட்கப் போகிறார்கள். விமான நிலையக் குழுவினர் ஐந்து பேரும் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று தகவல் வந்தது. அந்த நேரத்தில்தான் கதிர் அறுக்கும் மிஷினின் இருக்கையைத் தூக்கிக்கொண்டு டாய்ல் ரீகியர் வந்து சேர்ந்தான். வெர்லாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. கோதுமை விவசாயி. விமான நிலையக் குழுவின் தலைவனும் அவன்தான். அறுவடைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, எந்த யோசனையும் இல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். இந்த ஊரில் பிறந்தவன் செய்கிற தப்பு அது. இருக்கை கிழிந்தால் வெர்லா. அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தோன்றாது.

மைலோவுக்குத் தோன்றியது. மத்தியானம் கொட்டகைக்கு வந்து, மேசையில் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தான்.

"அவன் சீட்டைத் திருப்பிக் குடுத்துடு. தலைவன் சீட்டையே வெச்சிக்கிட்டு, நான் விமான வேலை மட்டும்தான் பாக்கறேன்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லப் போறியா?"

"கோதுமை பழுத்துக்கிட்டிருக்கு. மரப்பெட்டி மேல உக்காந்து அறுப்பானா? ஓட்டுப் போடற அன்னிக்கு முதுகுவலிதான் அவனுக்கு ஞாபகம் வரும்."

"வெச்சிக்கிட்டா மாட்டுவே, வெர்லா."

"குடுத்தாலும் மாட்டுவேன். அதான் தைக்கறேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மைலோ அதற்குமேல் வாதாடவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரனிடம் குதிரை ஏற்றும் டிரெய்லர் ஒன்றை இரவல் வாங்கி, டிராக்டர் இருக்கைகளையும் படகு இருக்கைகளையும் ஒரு சோபாவையும் அதில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினான். டாக்டர் நடக்கச் சொன்னார், சுமக்கச் சொல்லவில்லை என்று வெர்லா திட்டினாள். அவன் கேட்கவில்லை. டாய்லின் இருக்கையை மட்டும் ஏற்ற முடியவில்லை. புதுப் பஞ்சை அடித்தட்டில் ஒட்டி அன்று காலையில்தான் பாரம் வைத்திருந்தாள். காய்வதற்குள் அசைத்தால் கோணிக்கொள்ளும். கோணிய இருக்கையை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அதன்மேல் ஒரு துணியைப் போடு என்றான் மைலோ. துணி போட்டால் காற்றுப் படாது, காயாது என்றாள்.

மறுநாள் குழு வந்தது. கூடவே நகராட்சி வக்கீல் மரிட் ஹோல்ம். டொபீகாவிலிருந்து வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது, இளம்பெண். யாரையும் தெரியாது, அதனால் யாரிடமும் கோபமும் கிடையாது. வெளியே டிரெய்லரைக் கடக்கும்போது தார்ப்பாயின் கீழே நீல நிற மூலை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. குழுவில் ஒருவரான பல் டாக்டர் எவர்ட்டின் படகு இருக்கை. அவர் தன் பூட்ஸ் முனையால் அதை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு வானத்தைப் பார்த்தபடி நடந்தார்.

உள்ளே இரண்டு விமான இருக்கைகள் முடிந்த நிலையில் இருந்தன. தீப்பிடிக்காத துணிக்கான சோதனைச் சான்றை மரிட் கேட்டாள், வெர்லா காட்டினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மரிட் நடு மேசைக்கு வந்தாள்.

"இது எந்த விமானத்தோடது?"

வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்துடையது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். பார்க்க அப்படித்தான் இருந்தது. மைலோவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின.

"விமானத்தோடது இல்லீங்க. கதிர் அறுக்கற மிஷினோடது."

"யாரோடது?"

கொடுத்தவர் பெயரைச் சொல்வது வெர்லாவின் வழக்கம் இல்லை. காற்று தகரத்தை அடித்தது. டாய்ல் தொப்பியைக் கழற்றினான்.

"என்னோடதுதான், வக்கீலம்மா. கோதுமைக்கு உங்க சட்டம் தெரியாது. அது பாட்டுக்குப் பழுக்குது."

குழுவினர் சிரித்தார்கள். மரிட் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள்போல அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

தீர்மானம் எடுக்கும் கூட்டத்துக்கு ஊரில் பாதி வந்திருந்தது. விச்சிட்டாக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார்கள். வெர்லா மூன்றாவது வரிசையில், மைலோவுக்குப் பக்கத்தில். அவளுக்கு நம்பிக்கை இருந்தது என்றே நினைக்கிறேன். ஐந்து பேரில் நான்கு பேரை அவளுக்குக் குழந்தையிலிருந்து தெரியும்.

குழு பேச ஆரம்பிக்குமுன் மரிட் எழுந்தாள். விண்ணப்பித்தவர்களில் யாரோடாவது கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் இந்தத் தீர்மானத்தில் கலந்துகொள்ளக் கூடாது, அப்படி யாராவது இருந்தால் கை தூக்கலாம் என்றாள்.

டாய்ல் கை தூக்கினான். அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் டாக்டர் எவர்ட் நெளிந்தார். ஈஸ்டருக்கு முன்னால் தன் நாற்காலியைத் தைக்கக் கொடுத்ததாகச் சொல்லி அவரும் தூக்கினார். படகைச் சொல்லவில்லை. நார்மா க்ளீவர், தேவாலயத்து மெத்தைகளுக்கு ஏற்பாடு செய்தது தான்தான் என்றாள். அவளும் தூக்கினாள். நான்காவது ஆள் தன் பிக்கப் வண்டியின் இருக்கையைச் சொன்னான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியிருந்தது. ஐந்தாவது ஆள் ஊருக்குப் புதியவன். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "என் பொண்டாட்டி ஒரு சோபா குடுத்திருக்கா. இன்னும் வரல" என்றபடி கை தூக்கினான்.

கூரை அதிரச் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ, வெர்லாவுக்கு உதவுவதாக நினைத்துச் சத்தம் போட்டார். "இந்த ஊர்ல வெர்லா தைச்சது மேல உக்காராதவன் யாருய்யா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் மரிட்.

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அடங்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது. தூக்கிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். விச்சிட்டாக் கம்பெனியோடு அவர்களில் எவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெர்லாவோடு எல்லோருக்கும் இருந்தது. அவளுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள் அத்தனை பேரையும் அவளுடைய ஊசியே வெளியே தள்ளிவிட்டது. மைலோ ஏதோ சொல்ல எழுந்தான். வெர்லா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தீர்மானம் எடுக்க வெளி மாவட்டத்திலிருந்து மூன்று பேரை வரவழைத்தார்கள். அவர்களுக்கு வெர்லாவைத் தெரியாது. ஒரு பக்கம் நாற்பது பேருக்கு வேலை தரும் கம்பெனி, இன்னொரு பக்கம் ஒரே ஒரு பெண், அவளும் பாதி நேரம் டிராக்டர் வேலை செய்கிறவள். கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார்கள். தப்பான முடிவு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனி ஆள் ஒருவன் கொட்டகைக்கு வந்தான், மரியாதையானவன். அவர்களுக்கும் இருக்கை தைக்க ஆள் வேண்டும். இதே கொட்டகை, இதே ஜன்னல், மிஷினைக்கூட நகர்த்த வேண்டாம். விமான வேலை மட்டும், மாதச் சம்பளம், குடும்பத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ் என்றான்.

"நான் கட்டின கொட்டகையில நீ இன்னொருத்தனுக்குக் கூலிக்காரியா?" என்றான் மைலோ, அவன் போன பிறகு.

"நீ நம்ம கொல்லையில கட்டலியே."

"வேற எங்கேயாவது போயிடலாம்."

"எங்க? சொல்லு, போலாம்."

அரசாங்க மருத்துவ உதவி கிடைக்கும் வயதுக்கு மைலோவுக்கு இன்னும் சில வருஷம் பாக்கி. அதுவரை அவன் மாத்திரைகளுக்கு அந்த இன்சூரன்ஸை விட்டால் வேறு வழி இல்லை. வெர்லா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே குதிரை டிரெய்லரில் இருந்தவற்றையெல்லாம் தைக்காமலே உரியவர்கள் வீட்டு வாசலில் இறக்கினாள். புதியவனின் சோபாவையும்தான். சிலர் வெளியே வந்து பேசினார்கள். சிலர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள்.

டாய்லின் இருக்கையை மட்டும் முடித்தாள். தொட்ட வேலை அது.

கம்பெனியில் சேர வேண்டிய நாளுக்கு முன்னால், அதைப் பிக்கப்பில் போட்டுக்கொண்டு அவன் வயலுக்குப் போனாள். அறுவடை தொடங்கிவிட்டது. மரப்பெட்டியில் சாக்கை மடித்துப் போட்டு டாய்ல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நிறுத்திவிட்டு இறங்கினான். கழுத்திலும் புருவத்திலும் உமித்தூசி.

"நான் கையத் தூக்காம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். அந்த வக்கீல் பொண்ணு நேர்லயே பாத்துட்டா. தூக்காம எங்க போவே?"

"நீயாவது விமானத்தோடதுன்னு சொல்லியிருக்கலாம்."

"அப்புறம் நீ என்ன சொல்லியிருப்பே? அந்தப் பொய்க்குள்ள உன்னையும் இழுத்திருக்கணும்."

அவன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்தான். அடுத்த தடவை கிழிந்தால் எங்கே கொண்டு வருவது என்று கேட்டான். சாலினாவில் ஒருவன் இருக்கிறான், பரவாயில்லாமல் தைப்பான் என்றாள். வீட்டில் வைத்துத் தைத்துத் தரக் கூடாதா என்று கேட்டான். கம்பெனி ஒப்பந்தத்தில் அதுவும் கூடாது என்றாள்.

பிறகு பிக்கப்பின் பின்கதவை இறக்கி, போர்வையை விலக்கி, இருக்கையை ஓரத்துக்கு இழுத்தாள்.

"பின்னாடி போல்ட் ரெண்டையும் முதல்ல மாட்டு. உடனே இறுக்காத. ஒரு நாள் உக்காந்து ஓட்டு, தோல் படிஞ்சதும் இறுக்கு."

"சரி."

"கையக் கழுவிட்டு வா."

அவன் தண்ணீர் ஜாடியைச் சாய்த்துக் கைகளைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். வெர்லா இருக்கையைத் தூக்கி அவன் கைகளில் வைத்தாள்.