இரக்கமா, இறக்கமா

கொடைக்கானல் ஏரிக்கரையில் 'உன்னை நீயே நேசி' என்று அச்சடித்த கப் விற்கிறார்கள். அதையும் காசு கொடுத்து வாங்கி, மூடுபனியில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிற கூட்டம் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நேசிப்பதாம்! அது என்ன பாடு என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

பதினொன்றாம் வகுப்பில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் கம்பளிக்குள் கிடந்தேன். எங்கள் பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். பள்ளிக்குப் போக வேண்டிய நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். எழுந்து பல் துலக்குவதே பெரிய வேலையாக இருந்தது. அதற்கு டிப்ரெஷன் என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. சோம்பேறி, தண்டம் என்றுதான் விடிந்ததிலிருந்து எனக்கு நானே அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? "பூண்டு உரிக்க உக்கார வைங்க, சோலி இருந்தாக் கிறுக்கு தெளிஞ்சிரும்" என்றார் சித்தப்பா. அவர் நாள் முழுக்கச் சீட்டாடுகிற ஆள். பக்கத்து வீட்டு அத்தை என் செல்போனைப் பிடுங்கச் சொன்னார். என்னிடம் செல்போனே கிடையாது.

கடைசியில் அம்மா என்னைப் பள்ளியின் கவுன்சிலிங் மிஸ்ஸிடம் இழுத்துக்கொண்டு போனார். எந்நேரமும் சிரித்த முகம் அவருக்கு. அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது. லேப்டாப்பில் மூளைப் படம் காட்டினார். நம்மை நாமே திட்டிக்கொண்டாலும் மூளை அதைத் தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். பரிவாகப் பேசிக்கொண்டால் நம்மை ஆற்றுகிற வேறு இடங்கள் விழித்துக்கொள்ளுமாம். எனக்கு அந்தப் படம் பாதியாக வெட்டிய முட்டைக்கோஸ் போலத்தான் தெரிந்தது. என் மண்டைக்குள் இருக்கிற களிமண்ணுக்குப் படம் வேறு கேடா என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்கம்மா. பிள்ளைக்கு இப்பத் தேவை இரக்கம்தான்" என்றார் மிஸ்.

எங்கள் வாயில் சின்ன 'ர'வும் பெரிய 'ற'வும் ஒன்றுதான். மலைக்காரர்களுக்கு இறக்கம் என்றால் பஸ் வளைந்து வளைந்து கீழே போகிற பாதை. அம்மா பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். "கேட்டியா? இந்தக் குளிரு உனக்கு ஒத்துக்கல. இறக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

மலையடிவாரத்தில், வத்தலக்குண்டில் பெரியம்மா இருந்தார். தன் துணிக்கடையில் நிற்க ஆள் வேண்டுமென்று வெகுநாளாக என்மேல் கண் வைத்திருந்தவர். போனால் என் படிப்பு அவ்வளவுதான். மிஸ் சொன்னது எனக்குப் புரிந்திருந்தும் நான் அம்மாவைத் திருத்தவில்லை. உன் மூஞ்சிக்குத் துணி மடிக்கிறதே அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் டி.சி. வாங்கப் போனோம். மிஸ் பதறிப்போய் எதற்கு என்று கேட்டார்.

"நீங்கதானங்க இறக்கம் வேணும்னீங்க? வெள்ளனே கெளம்புனா வெரசா வத்தலக்குண்டு போயிரலாம்."

மிஸ்ஸின் சிரிப்பு அன்றுதான் காணாமல் போனது. எனக்கு அதில் ஓர் அற்பச் சந்தோஷம். "ஐயோ, அந்த இறக்கம் இல்லீங்க! கருணை. அவ மேல அவளே காட்டுற கருணை" என்றார்.

"அவளுக்கு இங்க என்ன கொறச்சல்? யாரு அவள என்ன சொல்லிட்டா?" என்று அம்மா மல்லுக்கு நின்றார்.

மிஸ் என்னிடம் திரும்பினார். "காலையில முழிச்சதும் உனக்குள்ள ஒரு பேச்சு ஓடுதே, அதை அம்மா காதுல விழுற மாதிரிச் சொல்லு."

நல்ல கூத்து! இருவர் வாயையும் ஒரேயடியாக அடைக்கலாம் என்றுதான் சொன்னேன். "உன் மூஞ்சில முழிச்சா விடியுமா? உன்னையப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருக்கலாம். நீ செத்துத் தொலைஞ்சா ஒரு தட்டுச் சோறு மிச்சம்."

அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கையை ஓங்கினார்.

"எம்புள்ளைய எவடி இப்படிப் பேசுனது? சொல்லுடி! அவ நாக்க அறுத்துப்புட்டுத்தான் மறுசோலி. எவ அவ?"

"நான்தாம்மா."

ஓங்கிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மிஸ்ஸிடம், "டி.சி. வேணாங்க" என்றார்.

வாசலுக்கு வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இனி அவ வாயத் தொறந்தா, என்கிட்ட வந்து சொல்லு."