பதினேழு ஒன்றுகளும் அரிகிருஷ்ணன் சாரும்

வில்லியனூரில் பஸ் மாறும்போது போன் வந்தது. "டீச்சர், நம்ம பி.டி. சார் போய்ட்டாரு. செலியமேட்டுல வூட்லதான் வச்சிருக்காங்க," என்றார் பள்ளி எழுத்தர். வந்த பஸ்ஸில் ஏறாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

அரிகிருஷ்ணன் சார் என்றால் அவரிடம் படித்த உங்களில் பலருக்கு விசில் சத்தம்தான் நினைவுக்கு வரும். அவர் உடற்பயிற்சி ஆசிரியர், நான் கணக்கு டீச்சர். ஒருநாள் அணிவகுப்புக்குப் பதினேழு பேர் வந்தார்கள். எப்படிப் பிரித்தாலும் சம வரிசை அமையவில்லை. எரிச்சலோடு வந்தவர், ஓய்வறைப் பலகையில் பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினார்.

"இந்த நம்பர் எதாலயாவது வகுபடுமா டீச்சர்?"

"வகுபடாது சார்," என்றேன். பதினேழு பகா எண், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்ற மிதப்பு.

"நீங்க சொன்னா சரிதான். இருந்தாலும் போட்டுப் பாக்கறன்."

அன்று மாலையே கைப்பேசியில் பார்த்தேன். வகுபடுகிறது, 2071723-ஆல். நான் சொன்னது தப்பு என்று பி.டி. சாரிடம் போய் நிற்பதா? வாயை மூடிக்கொண்டேன். மனசு உறுத்தியதால் ஒரு குறுக்குவழி மட்டும் சொன்னேன்: முப்பத்து நான்கால் வகுத்தால் மீதி ஒன்று வரும் எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்.

அவர் ஏழு வருடம் போட்டார். தினமும் ஒரு மணி நேரம், வேப்பமரத்தடியில், பென்சிலால். "இன்னா சார், இன்னும் முடியலயா?" என்று கேலி செய்யாத ஆள் இல்லை. "நம்பர் எங்கயும் ஓடாதுபா," என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்த்தேன். 2071723-க்கு நேரே "மீதி 10" என்று எழுதி, அடுத்த எண்ணுக்குப் போயிருந்தார். கடைசிப் பெருக்கலில் இரண்டைக் கூட்டவேண்டிய இடத்தில் ஒன்றைக் கூட்டியிருந்தார். இதை விட்டால் அடுத்த வகுத்தி ஐந்நூறு கோடிக்கும் அப்பால். ஆயுள் முழுக்கப் போட்டாலும் கிடைக்காது.

"சார், இதை மறுபடி போடுங்க."

போட்டார். மீதி பூஜ்ஜியம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும் சார். முதல் நாளே."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்ல வேள, சொல்லாம வுட்டீங்க," என்று சிரித்தார். பிறகு வகுத்தியையும் ஈவையும் பெருக்கிக் கூட்டச் சொன்னார். ஏழும் மூன்றும் ஐந்துமாக இறைந்து கிடந்த இலக்கங்கள். வலமிருந்து கூட்டினால் ஒன்று, அடுத்து ஒன்று, அதற்கடுத்தும் ஒன்று. பதினேழாவது ஒன்று விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருடம் கணக்கு நடத்தியும் ஓர் எண்ணைப் பார்த்து நான் வாயடைத்துப் போனது அன்றுதான்.

"டீச்சர் எனக்காகத்தான் விடைய மறைச்சி வச்சாங்க" என்று அவர் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். அது உண்மையில்லை. என் கௌரவத்துக்காக மறைத்தேன். அது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும், பள்ளி திறந்ததும் எடுக்கும் முதல் கணக்கு வகுப்பில் அந்த எண்ணைப் பலகையில் எழுதுகிறேன். "இது வகுபடாது என்று ஒருத்தரிடம் சொன்னேன். தப்பாகச் சொன்னேன்" என்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு முகம் சுடுகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், சார்.