ஜெகதீஸ்வரியின் சிவப்பு ஸ்பிரிங்

கொழும்பு வெள்ளவத்தையில் ஜெகதீஸ்வரியின் முகம் தெரியாதவர்கள் இருக்கக்கூடும். அவளுடைய காரின் சத்தம் தெரியாதவர்கள் இல்லை. காலி வீதியில் சின்னதொரு மருந்துக்கடை, ஐம்பத்தாறு வயது, மூக்குக்கண்ணாடி, பருத்திச் சேலை. இருமலுக்குப் பாணி எடுத்துத் தருகிற ஆள் என்பதற்கு மேல் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். ஆண்டுக்கொரு முறை அதே ஆள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கும் கார்ப் போட்டியில் கறுப்பு ஹொண்டா சிவிக்கை உச்சி வரை விரட்டிக்கொண்டு போவாள். ஒன்பது வருடம் போனாள். ஒன்பது வருடமும் உச்சியைத் தொட இரண்டு நிமிடத்துக்கு மேல்தான் எடுத்தது.

பத்தாவது வருடம், இரண்டாயிரத்துப் பதினெட்டில், விஷயம் முற்றியது. அவள் கணவர் பாலசுந்தரம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். குரலை உயர்த்தாத மனிதர். ஒரு நாள் இடியப்பத்துக்குச் சொதியை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ஜெகா, இந்த முறையும் ரெண்டு நிமிசத்துக்குள்ள வராட்டில் காரை வித்துப்போடுவம். ஷிப்லி வாங்கிறன் எண்டு சொல்லியிருக்கிறான்."

ஷிப்லி மருதானையில் ஜப்பான் உதிரிப்பாகங்கள் விற்பவன். இரண்டு பேருமாகத் தன் முதுகுக்குப் பின்னால் பேசி முடித்திருக்கிறார்கள் என்றதும் ஜெகதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம், விப்பம்!" என்றாள் ரோசத்தில். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தாள். அந்தக் கார் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்றே வீட்டில் பாரக் குறைப்பு ஆரம்பமானது. கார் இலேசானால் வேகம் கூடும் அல்லவா? பின்சீற்றைக் கழற்றி மேல்மாடியில் இருந்த தங்கள் பிளற் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வந்த விருந்தாளிகள் அதில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். கால்மிதி போனது, ரேடியோ போனது. டிக்கியின் தரைப்பலகைக்குக் கீழே குழிக்குள் கிடந்த ஸ்பெயார் டயர் பல்கனியில் செவ்வந்திச் சாடிக்குப் பக்கத்தில் போய் இருந்தது. கடைசியில் நிலைக்கண்ணாடியில் தன்னையே ஒருமுறை பார்த்தாள். கழற்றக்கூடியது இன்னும் கொஞ்சம் இருந்தது. சோற்றை விட்டாள். பகலில் வெள்ளரிக்காய், இரவில் பப்பாசி. ஆறு கிழமையில் நான்கு கிலோ இறங்கியது. "மிஸ்ஸுக்குச் சீனி வருத்தமோ?" என்று கடைக்கு வந்தவர்கள் கவலைப்பட்டார்கள். அவளோ கால் தரையில் பாவாமல் திரிந்தாள்.

இவ்வளவு செய்தும் காரின் பின்பக்கம் மட்டும் குந்திக்கொண்டு நின்றது. கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் செபஸ்தியன்தான் இத்தனை காலமும் அந்தக் காருக்கு வைத்தியர். குனிந்து பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"பாரத்தைக் கொறைச்சா கார் எழும்பணும் அக்கா. இது படுக்குது. ஸ்பிரிங் செத்துப் போச்சு போல."

செத்தது செத்ததுதான், போட்டால் திறமான சாமானாகப் போடுவோம் என்று இருவரும் மருதானைக்குப் போனார்கள். ஷிப்லி மேசையில் மூன்று சோடி ஸ்பிரிங்கைப் பரப்பினான்: நீலம், மஞ்சள், சிவப்பு.

"நீலம் குடும்பம் போற காருக்கு மிஸ், மெத்தை மாதிரி ஈக்கும். மஞ்சள் நடுத்தரம், ஒங்கட காருக்கு அளவான சாமான். சிவப்பு பாரமான காருக்குச் செஞ்சது. ஒங்கடதுல போட்டா வால் துள்ளும். நான் செல்லல்லன்னு பொறகு செல்ல வாணாம்," என்று முன்கூட்டியே எச்சரித்தான்.

"மஞ்சள்," என்றான் செபஸ்தியன்.

ஜெகதீஸ்வரியின் கண் சிவப்பை விட்டு நகரவில்லை. அவளுடைய கார் முன்சில்லு இழுக்கிற கார். வளைவில் வேகமாகத் திருப்பினால் உள்ளே வராமல் மூக்கை வெளியே நீட்டும். பின்ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் வால் கொஞ்சம் சுற்றிக்கொடுக்கும், மூக்கு உள்ளே வரும். ஆனால் இறுக்கம் கூடிப்போனால் கரடுமுரடான பாதையில் பின்சில்லு தரையில் நிற்காது. இதெல்லாம் அவளுக்கு மருந்துச்சிட்டை வாசிப்பதுபோலப் பாடம். "மூண்டையும் தாரும் ஷிப்லி. ஓடிப் பாத்துத்தான் எடுப்பன்," என்றாள்.

மூன்று ஞாயிறு விடியற்காலை, களுத்துறைக்கு அங்காலே ஒரு பழைய விமான ஓடுபாதையில் ஓடிப் பார்த்தாள். நீலம் தொட்டில்போல ஆடியது. மஞ்சள் பரவாயில்லை, ஆனால் வளைவில் பின்பக்கம் அப்படியே அமர்ந்து சோம்பல் முறித்தது. சிவப்போ! கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. பள்ளம் திட்டி எல்லாவற்றையும் விழுங்கியது. நினைத்த இடத்தில் மூக்கு, நினைத்த இடத்தில் வால். தலைக்கவசத்துக்குள்ளே அவள் போட்ட கூச்சல் வெளியே நின்ற செபஸ்தியனுக்கே கேட்டது.

"கணக்கு எங்கயோ இடிக்குது அக்கா. துள்ளியிருக்கணுமே," என்று அவன் தலையைச் சொறிந்தான்.

"உம்மட கணக்கைக் கொண்டுபோய்க் கடல்லை போடும்!"

போட்டியன்று குளிரில் தேயிலைச் செடிகள் நனைந்து கிடந்தன. செபஸ்தியனின் வான் வண்டியில் வழக்கம்போல பாலசுந்தரமும் வந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஓட முன்னம் காரைச் சோதிக்கிற அதிகாரி டிக்கியைத் திறந்தார், தரைப்பலகையைத் தூக்கினார், அப்படியே நின்றார்.

"மே ஹால் நேத, நோனா?" என்றார். இது அரிசிதானே அம்மா என்று கேட்கிறார்.

ஸ்பெயார் டயர் இருந்த குழிக்குள் இருபது கிலோப் பை இரண்டு. நாற்பது கிலோ சம்பா.

"கோயில் அன்னதானத்துக்கு வாங்கினது," என்றார் பாலசுந்தரம் நிலத்தைப் பார்த்தபடி. "லிப்ற் வேலை செய்யேல்ல. குழி சும்மா கிடந்தது, வச்சன். மறந்துபோனன்."

ஜெகதீஸ்வரி பைகளையும் தன் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறு கிழமையாக ஒரு பிடி சோறு தின்னாமல், நாற்பது கிலோ அரிசியைக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறாள்! ஸ்பிரிங் சாகவில்லை. பின்பக்கத்தைக் குந்த வைத்தது அரிசி. சிவப்பைத் தெரிவுசெய்ததும் அவள் இல்லை, அரிசி. செபஸ்தியன் வானுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சிரித்தான்.

பைகளை இறக்கிவிட்டு முதல் ஓட்டம் ஓடினாள். வால் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளியது. மூன்றாம் வளைவில் தேயிலைக்குள் போகப் பார்த்து மயிரிழையில் தப்பினாள். இரண்டு நிமிடம் நான்கு விநாடி. இன்னும் ஒரேயொரு ஓட்டம்தான். அதுவும் சரிவராவிட்டால் கார் ஷிப்லியிடம் போய்விடும்.

அதிகாரியிடம் போய், பாரம் ஏற்றக்கூடாது என்று சட்டம் உண்டா என்று சிங்களத்தில் கேட்டாள். அவர் புத்தகத்தைப் புரட்டினார். கட்டாமல் வைக்கக்கூடாது என்றுதான் இருந்தது.

"செபஸ்தியன், அரிசியை ஏத்தும். நல்லா இறுக்கிக் கட்டும்."

குழிக்குள் பைகளை வைத்து, இரும்புக் கொளுவிகளில் பட்டி போட்டு இறுக்கினான். அவள் போனாள். மூன்றாம் வளைவில் வால் மெல்லச் சுற்றிக்கொடுத்தது, மூக்கு உள்ளே பாய்ந்தது, அவள் மிதியில் இருந்து காலை எடுக்கவே இல்லை. கீழே ஒலிபெருக்கி சொன்னது: ஒரு நிமிடம், ஐம்பத்தொன்பது தசம் நான்கு விநாடி.

அவள் திரும்பி இறங்கி வந்தபோது செபஸ்தியன் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தான். பாலசுந்தரம் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெகா, நான் மறக்கேல்ல. கோயில் எண்டதும் பொய்."

"என்னப்பா சொல்லுறியள்?"

"நீர் ஒவ்வொண்டாக் கழட்டக் கழட்ட எனக்கு நெஞ்சு பதறினது. பாரம் இருந்தா மெதுவாப் போவீர், பத்திரமா வருவீர் எண்டு வச்சன்."

"பயமாக் கிடக்கு எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எனக்காக உடன விட்டிடுவீர். பிறகு உம்மட முகத்தை நான் என்னெண்டு பாக்கிறது? அதுதான் ரெண்டு நிமிசம் எண்டு கெடு வச்சு, மணிக்கூட்டிட்டைப் பொறுப்புக் குடுத்தன்."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து கண்ணாடி நனைந்தது. இந்த மனுஷன்மேல் இவ்வளவு ஆசை தனக்கு இன்னும் இருக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. "ஷிப்லிக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ, கார் விக்கிறதில்லை எண்டு," என்றாள். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கோ," என்றாள்.

பத்து வருடத்தில் அவர் அந்தக் காரில் ஏறியதே இல்லை. ஆசனப் பட்டியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கொழும்புக்கு இறங்கும் பாதையில் அவள் அவருக்காக மெதுவாகவே ஓட்டினாள். நாலு வளைவு தாண்டியிருக்கும், பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் மிதியுமன், பாப்பம்."