குமாஸ்தா சபாபதியின் சொந்த மனு

சபாபதி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் இருந்தேன். அவர் மனைவி மங்கை போனில் அழுதார். "காலையில காபி குடிச்சிட்டு உக்காந்தார் மேடம், அப்படியே சாஞ்சிட்டார்." அன்றைய வழக்கில் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. மாலையில் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில், உங்களில் பலரோடு, நானும் அழுதுகொண்டு நின்றேன்.

நினைவு மலருக்கு எழுதித் தர வேண்டும் என்று குமாஸ்தா நண்பர்கள் கேட்டார்கள். அந்த வாரமே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இப்போது எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் நான் தனியாக அலுவலகம் திறந்த நாளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் அவர்தான் என் குமாஸ்தா. விவாகரத்து கேட்டு வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். "கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகுது, இப்பவே போடலாமா?" என்பார் ஒருவர். "ஒரு வருஷம் ஆகணும்மா. தாங்க முடியாத கொடுமைன்னா கோர்ட்ல தனியா அனுமதி கேக்கலாம்." அடையாறில் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண், கணவர் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா என்று பயந்தார். "வேணாம்மா, நீங்க இருக்கற ஊர்லயே போடலாம்" என்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு பேரும் சம்மதித்தால் ஒரே நாளில் முடியுமா என்று கேட்டால் மட்டும் சிரிப்பார். "கல்யாணம்தான் சார் ஒரே நாள்ல முடியும். இதுக்குப் பொதுவா ஆறு மாசம் பொறுக்கணும். நடுவுல ஒருத்தர் மனசு மாறினாலும் அவ்ளோதான்."

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். மனைவி எங்கே என்றே தெரியவில்லை, பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தீர்ப்பு வாங்கிவிடலாமா என்று கேட்டார். சபாபதி எழுதுவதை நிறுத்தினார். "போன மாசம் குழந்தையப் பார்த்துட்டு வந்தேன்னு சொன்னீங்களே, எங்க சார் பார்த்தீங்க?" அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு முகவரியைச் சொன்னார். "எதிராளி கையில நோட்டீஸ் சேரணும் சார். அவங்களுக்குத் தெரியாம வாங்கற தீர்ப்பு தீர்ப்பே இல்ல" என்றார் சபாபதி. உள்ளறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒருவர் என்னோடு இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் இறந்து ஒரு மாதம் கழித்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். பெயர் கன்னியம்மா. திருவான்மியூர் குப்பத்தில் இருக்கிறார், மீன் விற்கிறார். "எனக்கு எதுனா ஆச்சுன்னா எங்க மேடத்தாண்ட போ, அவங்க பார்த்துப்பாங்கன்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றார்.

"யாரும்மா?"

"எங்கூட்டுக்காரருதான். சபாபதி."

மகளைப் பார்த்தேன். அதே நெற்றி, அதே தாடை.

"வூடு அவர் பேர்ல கீதும்மா. வாரிசு சர்டிபிகேட் வாங்கணும். அந்தாண்ட ஒருத்தி கீறான்னு தெரியும். இருக்கட்டும். தாலி கட்டுனவ நான்தான? மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம வந்துடுவாரு. போன பொங்கலுக்குக்கூட சேலை எடுத்தாந்தாரு."

அலுவலகம் திறந்த புதிதில் என் பெயரில் தாக்கலான முதல் விவாகரத்து மனு சபாபதியுடையது. மனைவி விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது, எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை, குழந்தை இல்லை என்று சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. அவரே தட்டச்சு செய்தார், நான் கையெழுத்துப் போட்டேன். கொடுத்த முகவரியில் ஆள் இல்லை என்று நோட்டீஸ் திரும்பியது. பேப்பரில் விளம்பரம் வந்தது. நீதிமன்றத்தில் கன்னியம்மா என்று மூன்று முறை கூப்பிட்டார்கள், யாரும் வரவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. என் முதல் தீர்ப்பு என்று நான்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

பழைய வழக்குக் கட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். மகளுக்கு இப்போது இருபத்திநான்கு வயது. அந்த மனு போட்டபோது அவளுக்கு இரண்டு.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். கன்னியம்மா அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"இன்னாம்மா சொல்ற? அத்தினி வருசமா அவரு என் புருசன் இல்லியா? அப்ப யாருக்கு நான் கொழம்பு வச்சேன்?"

"இத மாத்த முடியாதா?" என்று மகள் கேட்டாள். முடியும் என்றேன். மோசடியாக வாங்கிய தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம். அவர் இறந்துவிட்டாலும், சொத்துரிமை அதைப் பொறுத்து இருப்பதால் கேட்கலாம். ஆனால் நான் அந்த வழக்கை நடத்த முடியாது. பொய்யான மனுவில் இருப்பது என் கையெழுத்து.

அடையாறில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் அவர்களை நானே கூட்டிப் போனேன். நடந்ததை எல்லாம் எழுதி பிரமாண வாக்குமூலம் கொடுத்தேன். சபாபதியும் என் கட்சிக்காரர்தானே, அவர் சொன்னதை வெளியே சொல்லலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். மோசடிக்காகச் சொன்னதைச் சட்டம் காப்பாற்றுவதில்லை. இந்தக் கட்டுரையைப் பற்றிக் கன்னியம்மாவிடம் கேட்டேன். "எழுது. எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார்.

வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகி எண்ணான அன்று மங்கை கூப்பிட்டார். "இருபத்திரண்டு வருஷம் உங்களுக்கு உழைச்ச மனுஷன் மேடம். செத்தப்புறம் காட்டிக் கொடுத்துட்டீங்களே. உங்க கையெழுத்து இருந்துச்சேன்னுதான் நான் நம்பிக் கட்டிக்கிட்டேன்." தீர்ப்பு ரத்தானால் மங்கையின் திருமணம் செல்லாது. அவர்களுக்குப் பிறந்த பையனின் உரிமை எங்கேயும் போகாது என்று சொன்னேன். "அப்ப எனக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மங்கை, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் கேள்விக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் ஏன் கன்னியம்மாவை என்னிடமே அனுப்பினார் என்று யோசிக்காத நாள் இல்லை. உண்மையைச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்று சில நாள் ஆத்திரம் வருகிறது. இவள் மறைக்க மாட்டாள் என்று நம்பினாரோ என்றும் தோன்றுகிறது. இனி கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். இத்தனை வருடத்தில் இது முதல் முறை. அங்கே என் பெயரைச் சொல்வேன், தொழிலைச் சொல்வேன். மனுவில் சபாபதியின் பெயரைக் காட்டி, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது பாதி மனிதரைத்தான் என்றாலும், தெரியும் என்றுதான் பதில் சொல்லியாக வேண்டும். சபாபதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பதில்தான். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.